முன்பணமும் தறியும்: சோழமண்டலக் கரையில் கம்பெனி, வணிகர், நெசவாளர் உறவு

பொருள் வழங்குவோருக்கும் உற்பத்தி செய்வோருக்கும் இடையிலான உறவை மேலாண்மை நூல்கள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் சிக்கலாகவே பேசுகின்றன. ஆனால் தரம் குறைந்தால் இழப்பு யாருக்கு, ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை எவருக்கு உண்டு, வாராக் கடனை யார் சுமப்பது என்னும் வினாக்கள் சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளிலேயே கூர்மையாக எழுந்துவிட்டன. சி. அரசரத்தினம், கனகலதா முகுந்த், பிரசன்னன் பார்த்தசாரதி ஆகியோரின் ஆய்வுகள் இவ்வணிகத்தின் அமைப்பைத் தெளிவாக்கியுள்ளன. அவற்றின் துணைகொண்டு, முன்பணம் என்னும் ஒரே நடைமுறை இருவேறு காலங்களில் இருவேறு பொருள் கொண்டதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகர் என்னும் கண்ணி

1639இல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையைத் தேர்ந்ததற்கு நல்ல துறைமுகம் காரணமன்று. அங்குத் துறைமுகமே இல்லை. துணி மலிவாகக் கிடைக்கும் என்பதே காரணம். எனினும் கம்பெனியிடம் ஒரு தறிகூடக் கிடையாது. பருத்தி விளைந்தது ஓரிடம். நூல் நூற்ற பெண்கள் வேறிடம். கைக்கோளர், தேவாங்கர், சாலியர், சேணியர் நெய்தது பற்பல சிற்றூர்களில். துணியை வெளுக்கவும் சாயமிடவும் தனித்தனித் தொழிலாளர் இருந்தனர். இக்கண்ணிகளை இணைத்தவர்கள் வணிகர்களே. பேரி திம்மப்பா, காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதி, முன்பணம் பெற்று, தம்கீழ் இருந்த சிறு வணிகர் வழியே அதனை ஊர்களுக்கு அனுப்பினர்.

இலண்டனிலிருந்து வரும் தேவைப் பட்டியலையொட்டி மாதிரித் துணிகள் முத்திரையிடப்பட்டு இருதரப்பாலும் ஏற்கப்படும். வந்து சேரும் துணி பண்டகசாலையில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்படும். குறைந்தவற்றின் விலை வெட்டப்படும், அல்லது அவை திருப்பியளிக்கப்படும். இன்றைய தர ஆய்வின் எல்லாக் கூறுகளும் இதில் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வணிகர்களைக் கூட்டுப் பங்கு நிறுவனங்களாகச் சேர ஊக்குவித்ததும் குறிப்பிடத்தக்கது. வணிகர் நலன் கருதிச் செய்ததன்று அது. ஒருவர் நொடித்தால் அவர் கடனை மற்றவர் தீர்க்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை.

உற்பத்தியாளரை அருகில் குடியமர்த்தும் முயற்சியும் நடந்தது. ஆளுநர் ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூர் அருகே அமைந்த நெசவாளர் குடியிருப்பு காலடிப்பேட்டை ஆயிற்று. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமாவின் தோட்டம் இருந்த கூவம் வளைவில் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோருக்கென ஒரு பேட்டை எழுந்தது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

முன்பணத்தின் இயல்பு

முன்பணம் என்றதும் கொத்தடிமை நினைவுக்கு வருவது இயல்பு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி குறித்த சான்றுகளோ வேறொரு படத்தைத் தருகின்றன. இங்கு நெசவாளர்க்கு வழங்கப்பட்டது பெரும்பாலும் பணமே, நூலன்று. சந்தையில் தம் விருப்பப்படி நூல் வாங்கியவர் நெசவாளரே. மேலும், பார்த்தசாரதி எடுத்துக்காட்டுவதுபோல, ஒப்பந்தம் ஒருபக்கச் சாய்வுடையது. அச்சாய்வு நெசவாளர் பக்கம். வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்து அவர் எப்போதும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வணிகருக்கு இல்லை. நெசவாளர் ஊரைவிட்டு அகன்றால் அப்பணம் வணிகரின் இழப்பு.

இவ்வலிமை எங்கிருந்து வந்தது? வாங்குவோரின் பன்மையிலிருந்து. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர். இவர்களோடு உள்நாட்டுச் சந்தையும் தென்கிழக்காசிய வணிகமும். வாங்குவோருக்கோ காலக்கெடு இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் புயலுக்கு முன் கப்பல்கள் கரையை விட்டு நீங்கியாக வேண்டும். தறியோ எளிதில் இடம்பெயரக்கூடியது.

விலை ஒப்பந்தத்தால் நிலைத்திருக்க, பஞ்சு விலை ஏறினால் என்ன செய்வது? நெசவாளர் துணியை மெல்லியதாக்கினர். 120 இழை கொண்டது ஒரு புஞ்சம். பாவில் புஞ்சங்களைக் குறைத்தாலும் துணியின் நீள அகலம் மாறாது. கம்பெனி அலுவலர்கள் இதனை ஏமாற்று என்றே எழுதி வைத்தனர். விலையை மாற்ற இயலாத உற்பத்தியாளர் தரத்தை மாற்றித் தம் வாழ்வைக் காத்துக்கொண்டார் என்று கொள்வதே பொருத்தமாகும். கம்பெனி ஆவணங்களில் நெசவாளரைப் பழிக்கும் பகுதிகளை அவர்களின் பேரவலிமைக்கான சான்றாகவும் வாசிக்கலாம். நமக்கு வாய்த்த சான்றுகளில் மிகப் பெரும்பகுதி வாங்கியவர் எழுதியதே என்பதை மறத்தலாகாது.

போட்டி மறைந்தபோது

1760இல் வந்தவாசிப் போர். அடுத்த ஆண்டு புதுச்சேரியின் வீழ்ச்சி. 1781இல் நாகப்பட்டினம் டச்சுக்காரரிடமிருந்து பறிபோனது. இடையில் 1763இல் செங்கற்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. போட்டியாளர் ஒருவர்பின் ஒருவராக மெலிய, துணி வாங்கியவரே வரி வசூலிப்பவராகவும் ஆனார். வங்காளத்தில் 1753இலேயே வணிகர்வழி முன்பணம் வழங்கும் முறை கைவிடப்பட்டு, குமாஸ்தாக்கள் வழி நேரடிக் கொள்முதல் தொடங்கியிருந்தது. தமிழகத்திலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வணிகர் படிப்படியாக விலக்கப்பட்டனர்.

இடைத்தரகர் நீங்கினால் உற்பத்தியாளர் பயன்பெறுவார் என்பது இன்றும் நிலவும் நம்பிக்கை. இங்கு நிகழ்ந்தது எதிர்மாறு. வணிகர் தம் இலாபத்தோடு இழப்பையும் தாங்கிவந்தவர். அவர் அகன்றதும், முன்பு வணிகரின் இழப்பாக இருந்த நிலுவை நெசவாளரின் கடனாக மாறியது. அதனை வசூலிக்கக் கம்பெனிக்குச் சேவகர் இருந்தனர். பிறருக்கு நெய்யத் தடை வந்தது. பணத்தைத் திருப்பித் தந்து விலகும் பழைய உரிமை பொருளற்றுப் போயிற்று. நெசவாளர் விண்ணப்பம் எழுதினர், தறியை நிறுத்தினர், கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். முற்காலத்தில் பயன் தந்த உத்திகளே இவை. 1680இல் சென்னையின் சாயத் தொழிலாளர் சாந்தோமுக்குச் சென்று கூடியபோது நகரமே கலங்கியது. இப்போதோ, சென்று சேர வேறோர் ஆட்சியின் எல்லை அருகில் இல்லை.

நெசவாளரின் கட்டைவிரலைக் கம்பெனி வெட்டியது என்னும் வழக்கு மேடைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுவோரைப் பற்றியது. கட்டாய வேலைக்கு அஞ்சி அவர்கள் தாமே விரலை வெட்டிக்கொண்டதாகவே அவர் குறிப்பிடுகிறார். தமிழகத்தில் நிகழ்ந்ததை விளக்க அக்கதை தேவையில்லை. முன்பணம் அதே முன்பணம். தறியும் அதே தறி. அதனை மறுக்கும் வழி மட்டும் அடைபட்டது.