குழந்தைத் திருமணத் தடுப்பு: மணநாளுக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணம் குறைந்திருக்கிறது. பதின்பருவக் கருத்தரிப்போ குறையவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களுள் 18 வயதுக்கு முன்பே மணமானோர் 2015-16இல் 16.3 விழுக்காடு, 2019-21இல் 12.8 விழுக்காடு. அதே இடைவெளியில், 15 முதல் 19 வயதுவரையுள்ளோருள் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்களின் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து 6.3 விழுக்காடாக உயர்ந்தது. மணமேடையில் தாலியைத் தடுப்பதோடு பணி முடிவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சாதியும் மணவயதும்

உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமியர் மணம் ஆகிய மூன்றும் அகமணமுறையைக் காக்கும் வழிகளே என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். மகள் சாதி கடந்து காதலித்துவிடுவாளோ என்னும் அச்சம் இன்றும் பல குடும்பங்களை அவசரப்படுத்துகிறது. தலித் குடும்பங்களில் இதனோடு வேறோர் அச்சமும் சேர்கிறது: பள்ளிக்குச் செல்லும் வழியில் மகளுக்கு நேரக்கூடிய சீண்டலும், எதிர்த்துக் கேட்டால் எழக்கூடிய சாதி வன்முறையும். 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளின் திருமணத்திற்கு விரைய வேண்டாம் என்று அவர் தாய்மாரை வலியுறுத்தினார். ஆகவே இது சமூக நலத்துறையின் பணி மட்டுமன்று. சாதி ஒழிப்பு இயக்கத்தின் பணியுமாகும்.

கீழப்பாவூர் வட்டாரம்

தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர் வட்டாரத்தில் பீடி சுற்றுதல் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுவதால், தாயின் தட்டில் மகளின் கையும் சேர்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற சிறுமி வீட்டிலேயே சம்பாதிக்கத் தொடங்கியதும் திருமணப் பேச்சு எழுவது எளிது. எனவே பள்ளி இடைநிற்றலே முதல் எச்சரிக்கை.

இதைக் கவனிக்கவே ஊராட்சித் தலைவரின் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைகிறது. அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம செவிலியர் ஆகியோருடன் சிறார் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். கூட்டம் காலனியிலும் நடக்கிறதா, தலித் சிறுமியர் அதில் பேசுகின்றனரா என்பதை இளைஞர்கள் கேட்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. இடைநிற்கும் நிலையிலுள்ள சிறுமியின் பெற்றோரிடம் இதை உரிய வேளையில் எடுத்துச் சொல்வதும் தடுப்புப் பணியே.

சட்டம் தரும் வழிகள்

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் உடந்தையானவருக்கும் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலரே தடுப்பு அலுவலர். 1098 என்னும் எண்ணிலும் தகவல் தரலாம்.

பலரும் அறியாத பிரிவு ஒன்றுண்டு. குற்றவியல் நடுவரிடம் தடையாணை பெற்றுவிட்டால், அதை மீறி நடக்கும் மணம் தொடக்கத்திலேயே செல்லாது. தடையாணை இல்லாத நிலையில், பொதுவாக அந்த மணத்தை நீக்கக் கோரி நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கும்; 18 வயது நிறைந்தபின் அதற்கு இரண்டாண்டு அவகாசமே உண்டு. வெறும் எழுத்து உறுதிமொழியோடு பெற்றோரை அனுப்பிவிடும் இடங்களில் இவ்வேறுபாடு முக்கியமானது.

கருவுற்ற சிறுமிக்கு

போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். அந்த அச்சத்தால் சிறுமியர் மருத்துவமனையைத் தவிர்ப்பதே பேராபத்து. கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அத்தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மறுபுறம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 19 வயது நிறைந்தோருக்கே உரியது. ஊட்டச்சத்து மிகுதியும் தேவைப்படும் இளம் தாய்க்கு அந்த உதவி கிட்டுவதில்லை.

தண்டனையை மட்டும் நம்பாமல் தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் முதலிடம் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 18இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. அதன்படி இயக்கங்களின் முன்னுள்ள பணிகள் மூன்று: இடைநின்ற சிறுமியரைக் கணக்கெடுத்து மீண்டும் பள்ளியில் சேர்த்தல், தடுக்கப்பட்ட மணங்களில் அச்சிறுமி 18 வயதை எட்டும்வரை தொடர்ந்து கண்காணித்தல், ஏற்கெனவே தாயான சிறுமிக்கு மருத்துவமும் படிப்பும் மறுக்கப்படாமல் உடன் நிற்றல்.