மேஸ்திரி என்னும் சொல்

தேனியிலோ கம்பத்திலோ வீடு எழும்பும் இடத்தில் நின்று, "வேலை யார் பொறுப்பு?" என்று கேட்டால், "மேஸ்திரியைக் கேளுங்கள்" என்பதே விடையாக வரும். கரணை பிடிப்பவர் கொத்தனார். கல்லும் கலவையும் சுமப்பவர் சித்தாள். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் கோணலைக் கண்டு, "பிரித்துக் கட்டு" என்று சொல்லும் உரிமை பெற்றவர் மேஸ்திரி. கம்பி கட்டுவதற்கும் சாயம் பூசுவதற்கும் தனித்தனி மேஸ்திரிமார் உண்டு. ஒரு தொழிலின் நுணுக்கத்தைக் கையால் கற்றுத் தேர்ந்தவரைக் குறிக்கும் இச்சொல்லைத் தமிழென்றே எண்ணிப் புழங்குகிறோம். ஆயின், இதன் வேர் திருச்சபையின் பழைய மொழியாகிய இலத்தீனில் இருக்கிறது.

இலத்தீனில் 'மாஜிஸ்தெர்' என்றால் ஆசிரியர், தலைவர், வல்லவர். 'மிகுதி' எனப் பொருள்படும் 'மாஜிஸ்' அதன் அடி. அதற்கு எதிரிணையாக, 'குறைவு' எனப் பொருள்படும் அடியிலிருந்து பிறந்தது 'மினிஸ்தெர்', அதாவது பணியாள். நம் சித்தாளும் சிற்றாளே. ஆகவே, கட்டடத் தளத்தில் மேஸ்திரியும் சித்தாளும் அருகருகே நிற்கும்போது, பழைய உரோமையின் அந்த இணையே தமிழ் உடுத்தி நிற்கிறது. (மினிஸ்டர் என்ற சொல் இன்று நம் நாட்டில் யாரைக் குறிக்கிறது என்பதை வாசகர் அறிவர், சொற்களுக்கும் பதவி உயர்வு உண்டு.)

புனித எரோணிமுசின் இலத்தீன் விவிலியத்தில், ஆண்டவர் இயேசுவைச் சீடர்கள் விளிக்கும் சொல் இதுவே. கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா எழுப்பிய 'ரபூனி' என்ற குரலுக்கும் நற்செய்தியாளர் தரும் விளக்கம் இலத்தீனில் இச்சொல்லாலேயே அமைந்தது. தம் சீடர்கள் இப்பட்டத்தைத் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளலாகாது என்று ஆண்டவர் எச்சரிப்பதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் காணலாம்.

அப்பட்டம் போர்த்துக்கீசிய மொழியில் 'மெஸ்த்ரே' எனச் சுருங்கிக் கப்பலேறியது. 1542இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், பாரிஸ் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி என்பதால் 'மெஸ்த்ரே பிரான்சிஸ்கோ' என்றே அழைக்கப்பட்டார். அதே சொல் தச்சு, கொத்து, தையல் எனக் கைத்தொழில் ஒவ்வொன்றிலும் தேர்ந்தவருக்கும் உரியதாயிருந்தது. சாவி, அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்களைப் போல அதுவும் கரையேறி மேஸ்திரி ஆயிற்று; வடக்கே மிஸ்திரி என வழங்கிற்று. தென்னிந்திய வெள்ளையர் வீடுகளில் சமையற்காரருக்கும் தையற்காரருக்கும் அது பெயராயிருந்ததை, யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி குறிக்கிறது.

கோவிலுக்குள் அது நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த தே நொபிலி அடிகளார் தத்துவபோதகர் என்ற பெயர் பூண்டார். குரு, போதகர் என நம் மொழியின் சொற்களே வழிபாட்டில் நிலைத்தன. பொருள் பீடத்துக்குப் போயிற்று. சொல்லோ சாரத்தில் ஏறிற்று.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? இருந்தது. தஞ்சைப் பெரிய கோவிற் கல்வெட்டு, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனைப் பெயரோடு குறிக்கிறது. அப்படியிருக்க, வேற்றுச்சொல் வேரூன்றியது ஏன்? தச்சன், கொல்லன் என்பவை காலப்போக்கில் தொழிலை மட்டுமன்றிப் பிறப்பையும் சுட்டத் தொடங்கின. மேஸ்திரி என்ற சொல்லுக்குச் சாதி இல்லை. எக்குலத்தவரும் கைத்திறத்தால் அப்பெயரை எட்டலாம். அதன் வெற்றிக்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம்.

பள்ளத்தாக்கின் மிகப் பெரும் கட்டுமானம் முல்லைப் பெரியாறு அணை. 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்த வேலை அது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்த்தார்கள். அணையின் உயிர், சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் சுட்ட செங்கற்பொடியும் சேர்ந்த சாந்து. சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, பதமாக அரைத்தால்தான் சாந்து பிடிக்கும். அந்தப் பதம் கைக்கும் கண்ணுக்கும் தெரிவது. சென்னைப் பயனியர் படைப்பிரிவினர் அங்கே உழைத்தனர். தற்காலிகத் தடுப்பணைகளை அமைக்கக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். 'மெஸ்த்ரே' என்ற சொல்லைப் பிறப்புரிமையாகக் கொண்டவர்கள், அது முந்நூறு ஆண்டுகளாக மேஸ்திரி என்று ஒலித்துவந்த மண்ணின் கைவினைஞரோடு ஒரே காட்டில் நின்றார்கள். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் பலர் மாண்டனர்.

பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் இன்றும் இப்பள்ளத்தாக்கின் இல்லங்களில் தொங்குகிறது. 2013இல் கீழ்முகாமில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. தகுதியான நன்றிதான். ஆயினும் பெருந்தச்சன் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில், சாந்தின் பதம் சொன்ன ஒரு மேஸ்திரியின் பெயரையாவது எந்தச் சிற்றூரும் சொல்வதில்லை.

சொல்லின் பிற்காலம் இன்னும் வருந்தத்தக்கது. முன்பணம் கொடுத்து, கடனில் கட்டி, பர்மாவுக்கு ஆள் திரட்டியவரும் மேஸ்திரி எனப்பட்டார். வேலை தெரிந்தவன் என்ற பொருள் தேய்ந்து, வேலை வாங்குபவன் என்றாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் அவ்விடத்தைப் பெற்றவர் கங்காணி. கண்காணி என்பதன் திரிபு. வேடிக்கை என்னவெனில், பழைய புரொட்டஸ்டாண்டு தமிழ் விவிலியத்தில் ஆயரைக் குறிக்கும் சொல்லே 'கண்காணி'. ஆண்டவரின் பட்டம் ஆள்பிடிப்பவரிடம் போக, தோட்டத்தில் தடியேந்தியவரின் பெயர் ஏட்டில் ஆயருக்கு உரியதாயிருந்தது!

இன்றும் நம் ஊர்களில் முப்பது ஆண்டு கலவை சுமந்த பெண் சித்தாளாகவே ஓய்கிறாள். கலவையின் பதம் அவளுக்குத் தெரியும். மேஸ்திரி என்று அவளை அழைப்பவர் அரிது. உயிர்த்த ஆண்டவரை நோக்கி 'ரபூனி' என்று முதலில் அழைத்த வாய் பெண்ணுடையது என்பது இங்கே நினைவுக்கு வராமற் போகாது.

அதே வேர் வேறு இரு வழிகளிலும் இப்பள்ளத்தாக்கை அடைந்தது. ஆங்கிலத்தின் வழியே 'மாஸ்டர்' ஆகித் தேநீர்க் கடையிலும் பரோட்டாக் கல்லின் முன்னும் நிற்கிறது. இத்தாலியத்தின் வழியே 'மேஸ்ட்ரோ' ஆகி, 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பெயருக்கு முன் அமர்ந்தது. சென்னையில் அவருக்கு மேலை இசையின் இலக்கணத்தைக் கற்பித்தவரை இசையுலகம் தன்ராஜ் மாஸ்டர் என்றே அழைத்தது. குருவுக்கு ஆங்கிலக் கிளை, சீடருக்கு இத்தாலியக் கிளை. பண்ணைப்புரத்தில் வீடு கட்டுபவருக்கோ, போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற கிளைதான் இன்றும்.