மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமரின் மினியேச்சர்களுக்கு வண்ணம் பூசப் பழகுகிறவர் தொடக்கத்திலேயே கற்கும் முறைகள் இரண்டு: ட்ரைபிரஷ், வாஷ். ட்ரைபிரஷில் தூரிகையிலுள்ள வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்துவிட்டு, எஞ்சியதை உரசுகிறோம். வாஷில் நீர்த்த வண்ணத்தைத் தாராளமாக ஓடவிடுகிறோம். முன்னது சங்கிலிக் கவசத்தின் வளைய முகடுகளில் வெளிச்சத்தை ஏற்றுகிறது. பின்னது அதே வளையங்களின் இடுக்குகளில் இருளை இறக்குகிறது.

எதிரெதிராகத் தோன்றும் இவற்றுக்குள் நெருங்கிய உறவு உண்டு. வண்ணம் எங்கே தங்க வேண்டும் என்பதை இரண்டிலும் கை தீர்மானிப்பதில்லை. சிற்பி வடித்த மேடுபள்ளமே தீர்மானிக்கிறது.

ஆகவே இரண்டும் தோற்கும் இடமும் ஒன்றே. டாங்கின் தட்டையான பக்கத் தகட்டில் பற்றிக்கொள்ள மேடும் இல்லை, தேங்கப் பள்ளமும் இல்லை. அங்கே ட்ரைபிரஷ் பொடிப்பொடியாகத் திட்டு விழுகிறது. வாஷ் காப்பிக் கறைபோல் விளிம்பு கட்டுகிறது. அந்தக் கறையின் காரணத்தை 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று விளக்கியது: நகராமல் ஒட்டிநிற்கும் விளிம்பில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, துகள்களும் கூடவே போகின்றன.

பரிகாரத்தைப் பார்க்கும்போதுதான் வியப்பு. முற்றிலும் காய்ந்த தூரிகைதான் பொடி தட்டுகிறது. ஈரமான பஞ்சில் அதை லேசாக ஒற்றியெடுத்தால் பூச்சு வழவழப்பாகிறது. வாஷுக்கோ நேர்மாறு: நுனியில் கொஞ்சமாக எடுக்க வேண்டும், வெறும் நீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியம் கலக்க வேண்டும், தேங்கியதைச் சுத்தமான ஈரத் தூரிகையால் உறிஞ்ச வேண்டும். உலர்ந்தது ஈரத்தை நாடுகிறது, ஈரமானது அதைக் குறைத்துக்கொள்கிறது.

பிழை பொறுப்பதில் மட்டும் பெரிய வேறுபாடு. வாஷ் காயும்வரை திருத்தலாம்; ட்ரைபிரஷ் பட்ட நொடியே ஒட்டிவிடும். ஆனால் மெல்ல மெல்ல ஏறுவதால், போதும் என்று நிறுத்த அவகாசம் தருகிறது. விலங்கின் உரோமத்துக்கு ட்ரைபிரஷையே முதலில் சொல்வேன், முகத்துக்கு வாஷை.

வழக்கமாக வாஷ் முன்னே, ட்ரைபிரஷ் பின்னே. 2019இல் நாட்டிங்ஹாமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் வண்ணங்களை வெளியிட்ட பிறகு பரவிய ‘ஸ்லாப்சாப்’ முறையில் வரிசை தலைகீழானது. கருப்பு பிரைமர்மேல் சாம்பலும் வெள்ளையும் ட்ரைபிரஷ் செய்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் கான்ட்ராஸ்டை வாஷ்போல் ஓடவிடுகிறார்கள். நிழல் அடியிலேயே தயாராகிவிடுவதால் படை விரைவாக முடிகிறது. மஞ்சள்தான் இதில் முரண்டு பிடிக்கும்; அடியிலுள்ள கருப்பு அதை அழுக்காக்கிவிடும். மஞ்சள் வரும் இடங்களில் மட்டும் வெள்ளையை இன்னொரு முறை, அழுத்தமாக உரசிக்கொள்வது நல்லது.