புனித திங்களும் தொழிற்சாலை மணியும்

ஓய்வென்பது எக்காலத்துக்கும் பொதுவான ஒன்றெனக் கொள்வோர் உளர். உற்பத்தி முறையினின்றும் பிரித்து அதனை நோக்குவதால் விளையும் மயக்கம் இது. 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தின் கைவினைஞரிடையே நிலவிய ‘புனித திங்கள்’ என்னும் வழக்கம் இதனைத் தெளிவாக்கும்.

செருப்புத் தைப்போர், நெசவாளர், தையற்காரர் முதலியோர் செய்துமுடித்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெற்றனர். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தபின், ஞாயிறோடு திங்களன்றும் பலர் பட்டறையை நாடுவதில்லை. புனிதர்களின் திருநாள்களோடு திங்கட்கிழமையையும் சேர்த்து வேடிக்கையாக வழங்கிய பெயரே இது. மதுச்சாலையிலும் சேவற்போர்க் களத்திலும் அந்நாள் கழிந்தது. விடுபட்ட வேலையை வார இறுதியில் இரவிரவாக இருந்து முடித்தனர். உழைப்பின் வேகத்தை உழைப்போரே நிர்ணயித்தனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் அவ்வாழ்வை நாம் இலட்சியப்படுத்தல் பொருந்தாது. கணவன் மதுச்சாலையில் இருந்த திங்களன்றும் மனைவிக்கு வீட்டுவேலை ஓயவில்லை. வார இறுதியின் கடும் உழைப்பிலோ சிறுவரும் பங்குகொள்ள நேர்ந்தது.

கைத்தொழிற் புரட்சி இவ்வழக்கத்தைச் சகிக்கவில்லை. தொடர்ந்து இயங்காத யந்திரம் முதலாளிக்கு நட்டமாகும். யந்திரங்கள் பெருகுமுன்னரே இப்போராட்டம் தொடங்கிவிட்டது. 1769இல் ஸ்டாபோர்ட்ஷயரில் எற்றூரியா மட்பாண்டத் தொழிற்சாலையைத் திறந்த ஜோசையா வெஜ்வுட், மணியடித்துத் தொழிலாளரை நேரத்துக்குப் பழக்க முயன்றார். ஆயினும் ஊர்த் திருவிழாக் காலங்களில் அவர்கள் வேலைக்கு வராதிருந்தமை அவருக்குத் தீராத குறையாயிற்று.

1835ஆம் ஆண்டுச் சட்டம் சேவற்போரையும் காளைமீது நாய்களை ஏவும் விளையாட்டையும் தடைசெய்தது. உயிர்வதை பற்றிய நியாயம் மெய்யானதே. ஆயின், நிலவுடைமையாளரின் நரிவேட்டை 2004ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கு தொடர்ந்தது. சட்டத்தின் கருணையிலும் வர்க்க வேறுபாடு இருந்தமையை இது காட்டும்.

தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் பின்னரே பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணி நேர வேலைநாள் 1847இல் சட்டமாயிற்று. துணி ஆலைகளில் அவர்களது சனிக்கிழமை வேலை பிற்பகல் 2 மணியுடன் முடிய வேண்டுமென 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சனிப் பிற்பகல் பரவலான ஓய்வாக வளர வளர, புனித திங்கள் படிப்படியாக மறைந்தது. கைவினைஞன் தானே வகுத்துக்கொண்ட ஓய்வின் இடத்தைக் கடிகாரத்தால் அளந்த ஓய்வு பெற்றது. அவ்வளவையும் போராடியே பெறவேண்டியிருந்தது.

எனவே, முற்காலச் சமூகங்களின் பொழுதுபோக்குகளை ஆராய்வோர் அவற்றைப் பட்டியலிடுவதோடு அமைதல் போதாது. எவருடைய நேரம் எவருடைய கையில் இருந்தது என்னும் வினாவையும் அவர்கள் எழுப்புதல் வேண்டும்.