குதிரையும் குப்பாயமும்

மேலூரை அடுத்த திருவாதவூரின் பெயரைச் சொன்னதுமே ஒரு குதிரைக் கணக்கு நம் நினைவுக்கு வந்துவிடும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர் வாதவூரர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, கொண்டுசென்ற பொருளைத் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டார். பின்னர் சிவபெருமானே குதிரை வாணிகராகி, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தின் 59ஆம் படலத்தில் இதைப் பாடுகிறார். குதிரை இலக்கணமும் அங்கே விரிவாகவே வருகிறது. குதிரையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அதன்மேல் அமர்ந்தவன் என்ன உடுத்தியிருந்தான் என்று மட்டும் கேட்பதில்லை.

விடை வாதவூரரிடமே இருக்கிறது. திருவாசகத்தின் அன்னைப்பத்தில், காதல் கொண்ட ஒரு பெண்ணின் கூற்றாக இறைவனின் கோலம் சொல்லப்படுகிறது. வெண்ணிற ஆடை, நெற்றியில் வெண்ணீறு, மேலே பள்ளிக்குப்பாயம். அவன் ஏறியிருப்பதோ பாயும் குதிரை. குப்பாயம் என்பது தைத்த மேற்சட்டை. தோலும் பாம்பும் அணிந்தவனாகவே நாம் அறிந்த இறைவன், குதிரைமேல் ஏறியதும் சட்டைக்காரனாகிவிடுகிறான்! திருவாசகத்தின் காலம் பற்றிய வழக்குகள் ஓயவில்லை எனினும், பலரும் ஏற்கும் 9ஆம் நூற்றாண்டையே கொள்வோமானால், குதிரைக்காரன் என்றால் சட்டை அணிந்தவன் என்னும் சித்திரம் அப்போதே தமிழ் மனத்தில் பதிந்திருந்தது எனலாம்.

இச்சித்திரம் காரணமின்றித் தோன்றியதன்று. நெடுந்தூரம் சவாரி செய்பவனுக்கு முதல் பகை அவன் தொடையே. சேணத்தில் உரசி உரசித் தோல் வழன்றுவிடும். மடிப்பு மடிப்பாய்ச் சுற்றிய துணியோ உரசும் இடத்தில் சுருண்டு புண்ணை ஆழமாக்கும். குதிரையோடு வாழ்ந்த நடு ஆசிய மக்கள் கால்சட்டை தைத்துக்கொண்டது இதனால்தான் என்பர். சீனத்தின் துர்பான் பகுதிக் கல்லறைகளில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகளுக்கு ஏறத்தாழ 3000 ஆண்டு வயது.

பாண்டியர் என்ன செய்தனர்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் நாடு முழுவதிலும் தையற்காரன் ஒருவன்கூட இல்லை என்று எழுதினான். அரசனே அரையில் ஒரு துணியும் உடலெங்கும் மணிகளுமாக இருந்தானாம். வீரர்கள் வேலும் கேடயமும் மட்டும் ஏந்தி வெற்றுடம்போடு போருக்குப் போனார்களாம். அதே நாடுதான் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்குமதி செய்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் விலை, குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வந்தவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டன. அறிந்து பேணுவோர் இல்லாததும், வேகவைத்த சோறும் இறைச்சியும் ஊட்டியதுமே காரணம் என்கிறான் போலோ. குதிரைக்குக் கொட்டிய பொன்னில் சிறிதேனும் இலாட வினைஞருக்கும் பராமரிப்போருக்கும் போயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றாமலில்லை.

ஆயினும் தையற்காரனே இல்லை என்ற கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் வீதிகளில் துணி தைக்கும் துன்னகாரரும் தோல் தைப்போரும் தனித்தனியே சொல்லப்படுகின்றனர். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்து, இடையில் மத்திகையை, அதாவது குதிரைச் சவுக்கைச் சுற்றியிருக்கின்றனர். தைக்கத் தெரியாத நாடன்று இது. தைத்ததை உடுத்த விரும்பாத நாடு. பாண்டி நாட்டு வெயிலில் வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டுவதே போதும் என்று முடிவு செய்தவரைக் குறை சொல்லவும் முடியாது. காலணியிலும் இதே கதைதான். சாஞ்சித் தூபியின் சிற்பங்களில் சவாரி செய்பவனின் காலுக்குக் கயிற்று வளையம் மட்டுமே காண்கிறோம். வெறுங்காலுக்கு அது தகும். முழுப் பாதத்தையும் தாங்கும் உலோக அங்கவடிக்குத்தான் செருப்போ சோடோ வேண்டும்.

நிலை மாறியது விஜயநகரக் காலத்தில். அரபுச் சொல்லடியாகப் பிறந்த கபாய் என்னும் நீண்ட அங்கியும், பாரசீக வழியில் வந்த குல்லாயும் அரசவை உடைகளாயின. குதிரைப் படையால் வென்ற சுல்தான்களைப் பார்த்து, அவர்களுக்கு எதிராக நின்ற அரசும் அவர்கள் உடையையே எடுத்துக்கொண்டது. திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளைக் காண்போர், வீரனின் உடுப்பையும் சேணத்தின் வார்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கல்தச்சன் அவற்றிலும் கண் வைத்திருக்கிறான்.

இன்று அந்த உடுப்பு எங்கே போயிற்று? சவாரிப் பள்ளிகளில் பிள்ளைகள் அணிவது ஐரோப்பிய வழியில் வந்த இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமும் முழங்கால் சோடும். பழைய குதிரைவீரனின் உடையோ மதுரைச் சீமையின் சாமியாடிகளிடம் தங்கிவிட்டது. கருப்பசாமிக்கு ஆடுபவர் அரைக்குச் சல்லடம் கட்டி, தலைக்குக் குல்லாய் வைத்து, கையில் அரிவாளோடு நிற்கிறார். சல்லடம் என்பது தைத்த குட்டைக் கால்சட்டை, போர்வீரன் அணிந்தது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது, சல்லடமும் தலைப்பாகையுமாக வரும் அடியவர் ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகின்றனர். அவர்களிடம் குதிரை இல்லை; குதிரைக்காரனின் உடை மட்டும் இருக்கிறது. போலோவின் காலத்துப் பாண்டியரிடம் குதிரை இருந்தது, உடைதான் இல்லை.