நூலில் ஆடிய சாம்ராஜ்யம்: கத்தரி எடுத்த டாக்டர்

பம்பாயை போன வாரம் மோசமான நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அமெரிக்கச் சண்டை முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. பங்குப் பத்திரங்கள் வெறும் காகிதமாயின. பருத்தி ராஜா பிரேம்சந்த் ராய்சந்தே கடனில் மூழ்கிவிட்டார். "பம்பாய் எழுந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று துடிக்கிறீர்கள். தெரிகிறது!

பொறுங்கள். அதற்கு முன் லண்டனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். பம்பாய்த் துணி வியாபாரத்தின் அடுத்த காய் அங்கேதான் நகர்கிறது.

வைட்ஹால் பகுதியில் ஃபைஃப் ஹவுஸ் என்றொரு பழைய மாளிகை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடை மூடியதும், அதன் மியூசியச் சாமான்கள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் துணிகள் ஏராளம். டாக்காவின் மஸ்லின். நம் ஆரணியின் மஸ்லின். தலைப்பாகை, லுங்கி, வேட்டி, புடவை. கண்காட்சிகளுக்காகவும் சேகரிப்புக்காகவும் கப்பலேறி வந்தவை, ஊர் திரும்பவே இல்லை.

இந்தக் குவியலுக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். ஸ்காட்லாந்துக்காரர். இன்னும் நாற்பது வயதாகவில்லை. தொழிலால் டாக்டர்.

துணிக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நம் ஊரில்தான் தொடங்குகிறது. இளம் வயதில் அவர் பம்பாய் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஐரோலியிலிருந்து தாணே போய், சென்ட்ரல் லைன் மாறி பைகுல்லாவில் இறங்குகிறீர்களே, அங்கே ஜே.ஜே. ஆஸ்பத்திரியை ஒட்டி நிற்கும் அதே கல்லூரி. நம் ஜனங்களின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை அது. மேலே என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதையும் அந்தக் கண் பார்க்காமலா இருந்திருக்கும்?

இப்போது அவர் இந்தியப் பொருள்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை தரும் அதிகாரி. மான்செஸ்டர்காரர்களின் நீண்ட நாள் குறை அவருக்குத் தெரியும். இவ்வளவு துணி நெய்து அனுப்பியும் இந்தியாவில் நினைத்த அளவுக்குப் போகவில்லை. ஏன்?

நோயை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

மான்செஸ்டர் நீளமாகத் துணி நெய்கிறது. அதை வெட்டித் தைத்தால்தான் உடுப்பு. நம் ஆட்களோ வெட்டாமல் தைக்காமல் உடுத்துகிறவர்கள். வேட்டி தறியிலேயே வேட்டியாகப் பிறக்கிறது. புடவைக்குக் கரை எங்கே, முந்தானை எங்கே, எத்தனை கெஜம் என்பதெல்லாம் நெசவாளி பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடுகிறது. கரை அரை விரல் தப்பினால் நம் வீட்டுப் பெண்கள் அந்தப் புடவையைத் தொடுவார்களா? கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவார்கள்!

வாட்சன் இதைக் கண்டுகொண்டார். இன்னொன்றையும் கண்டுகொண்டார். ராஜாக்களின் ஜரிகைப் பட்டில் லாபம் இல்லை. கோடிக்கணக்கான ஏழைகள் தினமும் கட்டுகிற சாதாரணப் பருத்தித் துணியில்தான் சந்தை இருக்கிறது. அங்கே குறி வையுங்கள் என்றார்.

குறி வைப்பது எப்படி? லங்காஷயர் ஆலைக்காரர்களை எல்லாம் கப்பலேற்றி இந்தியக் கடைத்தெருவுக்கு அனுப்ப முடியுமா? முடியாது. கடைத்தெருவை அவர்களிடம் அனுப்பலாம்.

அதற்கு அந்தத் துணிகளை வெட்டியாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. வாட்சன் முரடர் இல்லை. நம் துணிகளை மனமார வியந்தவர். டாக்கா மஸ்லினின் இழைகளை இங்கிலாந்தின் இயந்திர இழைகளோடு வைத்து அளந்து, கைநூலே மேல் என்று எழுதியவர். அப்படிப்பட்டவர் முன்னால் முழுப் புடவை விரிந்து கிடக்கிறது. வெட்டினால் திரும்ப ஒட்டாது. வெட்டாவிட்டால் பெட்டியில் கிடந்து பூச்சி அரிக்கும், ஒருவருக்கும் பயன்படாது.

காப்பாற்றுவதா? பயன்படுத்துவதா?

கத்தரி இறங்கியது.

கரை தெரிகிற மாதிரி, நெசவு தெரிகிற மாதிரி, பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். 700 மாதிரிகள். 18 பெரிய புத்தகங்கள். அதுபோல 20 தொகுப்புகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14,000 துண்டுகள்! ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பக்கத்தில் ஊர், நீளம், அகலம், எடை, விலை. 1866இல் வேலை முடிந்தது.

நெய்தவர் பெயர்? அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ஆரணித் தறிக்குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்த ஒருவரின் உழைப்பு ஓர் எண்ணாகி, பிரெஸ்டன் ஆலைக்காரர் கைக்குப் போயிற்று. அந்த நெசவாளியைக் கேட்டார்களா? கேட்கவில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

ஆனால் கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது.

20 தொகுப்புகளும் பிரிட்டனுக்கே என்றுதான் முதலில் திட்டம். மான்செஸ்டர், கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட் என்று நெசவு ஊர்களின் பட்டியல் இருந்தது. பிறகு யோசனை மாறியது. 13 மட்டும் அங்கே. மீதி 7 இந்தியாவுக்கு!

ஏன் இந்தத் தாராளம்?

தாராளம் ஒன்றும் இல்லை, வியாபார வசதி. பம்பாயில் இருக்கும் ஏஜெண்டிடம் ஒரு புத்தகம். மான்செஸ்டர் ஆலையில் அதே புத்தகம். "இந்த எண் துணி இங்கே நன்றாகப் போகிறது, அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மாதிரித் துணி கடல் தாண்டி அலைய வேண்டியதில்லை. இரு கரையிலும் ஒரே புத்தகம். பிரமாதமான யோசனை!

இதில் ஓர் ஓட்டை இருந்தது.

பம்பாயில் ஏஜெண்டுகள் மட்டுமா இருந்தார்கள்? தார்தேவில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கிய நூற்பாலை ஓட ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் புகைபோக்கி எழுப்பினார்கள். பங்குச் சந்தையில் சூடுபட்ட பணம் மெல்ல மெல்ல ஆலை பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. வாங்குகிறவரின் ரசனை அவர்களுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை, வீட்டிலேயே தெரியும். பருத்தி பக்கத்தில் விளைகிறது. சந்தை வாசலில் இருக்கிறது. இயந்திரமோ லங்காஷயரே விற்றது.

சில வருடங்களில் மான்செஸ்டருக்கு வயிற்றைக் கலக்கியது. துணியின் அளவும் கரையும் கைக்கு வந்தாயிற்று, இனி எதிரி பம்பாயின் புகைபோக்கிகள்தான் என்று தெரிந்துபோனது. மாதிரிப் புத்தகத்தால் முடியாததைச் சட்டத்தால் முடிக்கலாம் என்று கிளம்பினார்கள். இந்தியாவுக்குள் வரும் துணிக்கு 5 சதவீதம் சுங்கம். அந்தச் சின்ன வேலியையும் பிடுங்கி எறியுங்கள் என்று 1874இல் மான்செஸ்டர் வர்த்தக சபை லண்டனுக்கு மனுப் போட்டது. இந்தியா மந்திரி சாலிஸ்பரி அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

முடிவு ஒருவர் கையில். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு. லண்டன் சொன்னபடி ஆடினால் பம்பாய் ஆலைகளின் கதி? ஆடாவிட்டால் அவர் பதவியின் கதி?

சிம்லா மலைக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. நார்த்புரூக் அதைப் பிரித்தார்...

(அடுத்த வாரம்)