குருணை வந்த கடல்வழி

மைசூர்ப் பருப்பளவுதான் இருக்கும். உருக்கி வார்த்தால் பொலித்தீன் பையாகவோ போத்தல் மூடியாகவோ ஆகக்கூடிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் அது ஏறத்தாழ 1,680 தொன் இருந்தது. துபாயின் ஜெபல் அலியில் ஏற்றிய நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்றும் அதே கப்பலில் ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் அதை இறக்கவில்லை, குஜராத்தின் ஹசீராவிலும் இறக்கவில்லை. கொழும்பின் துயரம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். ஒழுகும் பெட்டியை ஒவ்வொரு துறையும் அடுத்த துறைக்கு அனுப்பி வைத்தது.

கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது, மே 20 அன்று தீப்பிடித்தது. 25ஆம் திகதி வெடித்தது. இந்தியக் கடலோரக் காவல்படையும் வந்து தீயோடு போராடியது. ஆனாலும் குருணை கடலில் கொட்டிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அதைக் கரைக்குத் தள்ளியது.

கொரோனாப் பயணத்தடையால் சனம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்கள் அவை. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் செத்து ஒதுங்கிய மீனொன்றின் வாய் நிறையக் குருணை. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. ஆமைகளும் டொல்பின்களும் ஒதுங்கின. மீன்பிடிக்குத் தடை விழுந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை வள்ளங்கள் கரையில் கிடந்தன. பிடிபட்ட மீனை வாங்கவும் ஆட்கள் பயந்தார்கள். எரிந்து கருகிய குருணையோ எளிதில் நொறுங்கும்; எரியாததைவிடச் சிக்கலான இரசாயனங்களும் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கடல், மீன், மனிதர் என்று நோயைத் தனித்தனியே பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம், உலக விலங்கு சுகாதார அமைப்பு ஆகிய மூன்றும் 2010 முதல் இணைந்து இயங்கிய ‘ஒரே சுகாதாரம்’ கூட்டணியில், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் முறைப்படி சேர்ந்தது 2022இல்தான்.

2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. குருணையைக் கப்பலில் எப்படி அடைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் சொன்னது. அது பரிந்துரை மட்டுமே. எந்தக் கப்பலையும் கட்டுப்படுத்தாது.